கணித மேதை இராமானுஜன்: நோயோடு கழிந்த நாட்கள்

அகிலம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றிக் கேள்விப்படாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. 2012ஆம் ஆண்டு முதல் அவர் பிறந்த நாளாகிய டிசம்பர் 22 தேசிய கணித தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டிக் காலைக் கூட்டத்தில் மேடையேறும் தோழி, 1729 என்ற டாக்சி எண்ணின் கதையைச் சொல்லாமல் கீழே இறங்குவதில்லை. கணக்குத் தேர்வு என்றாலே வயிற்றைப் பிசையும் நாமும் பலமாகக் கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறோம். அந்த டாக்சி எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது ஒரு நோயாளியைப் பார்க்கப் போன டாக்சி.

இராமானுஜனுடைய கணக்குகள் எங்கள் கைக்கு எட்டாத கனி. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, 32 வயதில் அவரை இந்த உலகத்திடமிருந்து பறித்துக்கொண்ட நோயைப் பற்றியும், அவருக்கும் அவருடைய வைத்தியர்களுக்கும் இடையே நடந்தவற்றையும் நடக்காமற்போனவற்றையும் பற்றியும் இங்கே எழுத முற்பட்டோம். நுரையீரல் நோய் என்று பெயர் சூட்டப்பட்டு, அதற்குரிய சிகிச்சையிலேயே இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவர் அவர்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது. கும்பகோணத்துக்குச் சுற்றுலா சென்றபோது அதைப் பார்த்தோம். தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், அதன் ஓரமாக ஒரு கட்டில், சிறிய கூடம், அவ்வளவுதான். இத்தனை சிறிய வீட்டிலிருந்தா அத்தனை பெரிய புகழ் என்று நாங்கள் வாய்பிளந்து நின்றோம்.

இரண்டு வயதிலேயே அவருக்கு அம்மை போட்டியது. பிழைத்தார், தழும்புகள் முகத்தில் நிலைத்துவிட்டன. அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்தனர். நோய் என்பதும் சாவு என்பதும் அந்த வீட்டுக்குப் புதியவை அல்ல. வருவது வரும், போவது போகும் என்ற மனப்பாங்கு அவரிடம் கடைசி வரை இருந்ததற்கு இந்த இளமைக் காலமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளை வாரிக் குவித்தவர், 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த பிறகு கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சில மாதங்களில் கடுமையான சீதபேதி கண்டு, படிப்பை விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. இந்தச் சீதபேதியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே வரியில் தாண்டிப் போகும் இடம் இது. உடம்பு தேறியபின் தேர்வெழுதினார். கணக்கில் மட்டும் தேறி மற்றவற்றில் தவறினார். பட்டம் என்ற கனவு அத்தோடு முடிந்தது.

1909ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு அப்போது பத்து வயது! நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், நீர் கோத்த ஒரு வீக்கத்துக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குரிய பணம் குடும்பத்தில் இல்லை. வைத்தியர் ஒருவர் மனமிரங்கிக் கட்டணமின்றிச் செய்துகொடுத்தார். இதுவும் நினைவில் இருக்கட்டும்.

பிறகு ஒரு சமயம் சென்னையில் நோயுற்று நண்பர் ஒருவரின் அறையில் கிடந்தார். நண்பர் அவரை வைத்தியரிடம் காட்டி, கூடவே இருந்து கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினார். புறப்படும்போது இராமானுஜன் தம்முடைய இரண்டு பெரிய நோட்டுப் புத்தகங்களை நண்பர் கையில் கொடுத்தார். தாம் இறந்துவிட்டால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ராஸிடமோ சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் உயிரோடு திரும்பி வந்து நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அந்த நோட்டுகளுக்காக இன்று உலகமே அவரைக் கொண்டாடுகிறது. கணக்குக்கு இத்தனை பத்திரமாக நோட்டுப் போட்டு வைத்த மேதை, தம் உடம்புக்கு வந்த நோய்களைப் பற்றி ஒரு சீட்டுகூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் யார்தான் வைத்திருந்தார்கள்?

வேலை தேடி அலைந்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நெல்லூர் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவருடைய வாழ்வையே மாற்றியது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று முதலில் மறுத்தவர், 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதே கப்பலில் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவரும் பயணம் செய்தார். காசநோய் சிகிச்சையில் பெயர் பெற்றவர். இங்கிலாந்தில் சொந்தமாகவே ஒரு சானடோரியம் நடத்தி வந்தவர். அடுத்த சந்திப்பு மூன்றாண்டுகள் கழித்து, வைத்தியரும் நோயாளியுமாக, அந்தச் சானடோரியத்திலேயே நடக்கும் என்று இருவரில் யாருக்குத் தெரியும்!

கேம்பிரிட்ஜ் வந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. இராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சமையல் கூடத்தில் எந்தப் பாத்திரத்தில் எது வெந்ததோ என்று அங்கே சாப்பிட மறுத்து, தம் அறையிலேயே சிறு அடுப்பில் சமைத்துக்கொண்டார். அதையும் நேரத்துக்குச் செய்யவில்லை. கணக்கில் மூழ்கிவிட்டால் இரவும் பகலும் ஒன்றாகிவிடும். போர்க் காலத்தில் காய்கறியும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. சுள்ளென்று வெயில் அடிக்கும் நாட்டில் வளர்ந்த உடம்பு, வெயிலே காணாத குளிரில் உரிய உணவின்றித் தேய்ந்தது.

இங்கே ஒரு சிறு சம்பவம். பிற்காலத்தில் பெரும் புள்ளியியல் அறிஞராக விளங்கிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேலங்கியை அணிந்து, மேலே சால்வையையும் போர்த்திக்கொண்டு படுத்தும் நடுங்குவதாக இராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அழகாக விரித்துச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. படுக்கை விரிப்பு என்று நினைத்து அவற்றின் மேலேயே படுத்திருந்தார்! அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவும் யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படித்தபோது எங்கள் வகுப்பே முதலில் சிரித்தது. பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஹார்டியும் அப்படித்தான். இராமானுஜனை ஏறத்தாழ நாள்தோறும் சந்தித்தவர். இத்தனை கணித உண்மைகளும் உமக்கு எப்படித் தோன்றுகின்றன என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கலாமே, கேட்கவில்லையே என்று பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். நாளுக்கு அரை டஜன் புதிய சூத்திரங்களோடு வந்து நிற்கும் மனிதரிடம் கணக்கைத் தவிர வேறு பேச எங்கே நேரம்?

1917ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இராமானுஜன் நோயில் விழுந்தார். கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதியில் முதலில் சேர்த்தார்கள். காய்ச்சல் வந்து வந்து போயிற்று, இரவில் ஏறிற்று. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வயிற்றில் புண் என்று முதலில் எண்ணினார்கள். அது இல்லை என்றானதும் காசநோயாயிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. வேறொன்று புலப்படும் வரை இதுவே இருக்கட்டும் என்று தற்காலிகமாக ஏற்றுக்கொண்ட கருத்து. இதற்கிடையே லண்டனில் பாட்டி ஷா என்ற நிபுணர் அவரைப் பரிசோதித்தபோதுதான், முன்னர் பார்த்த மருத்துவர்கள் யாரும் அறியாத ஒரு செய்தி வெளிப்பட்டது. இந்த நோயாளிக்கு ஏற்கெனவே ஓர் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது! ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக ஹார்டி அதைக் கடிதத்தில் எழுதினார். உண்மையில் நடந்ததோ 1910இல். அன்று எடுக்கப்பட்டது புற்றுக் கட்டியாயிருக்கலாம், அதுவே உள்ளே பரவியிருக்கலாம் என்று அந்த நிபுணர் அஞ்சினார். மாதங்கள் சென்றும் நோய் முற்றாததைக் கண்டு பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

சிறிது நின்று யோசித்துப் பார்ப்போம். கட்டணம் வாங்காமல் கும்பகோணத்து வைத்தியர் செய்த சிறு உபகாரம், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எட்டு ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்ப் பயமாக மாறிவிட்டது. அது சாதாரண நீர்க் கட்டுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் போதும். அல்லது முதல் நாளே நோயாளி சொல்லியிருந்தால், அல்லது முதல் வைத்தியர் கேட்டிருந்தால் போதும். நான்கு ஆண்டா எட்டு ஆண்டா என்பதே இரண்டு பேர் வாயில் மாறிவிட்ட நிலையில், 1906ஆம் ஆண்டுச் சீதபேதியைத் துருவிக் கேட்கவோ சொல்லவோ யாருக்குத் தோன்றும்?

பெரியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் நடப்பதையும் பார்க்கத்தான் செய்கிறோம். இருமல் என்றால் நம் ஊரில் முதலில் சுக்குக் கஷாயம், பிறகு மருந்துக் கடை, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தாவுக்கு மாதக் கணக்கில் இருமல். விறகடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினார். பேத்தி கல்யாணம் பேசும் நேரத்தில் வீட்டில் இருமல்காரி இருக்கிறாள் என்று ஊர் சொல்லக்கூடாது என்பது அவர் கவலை. கடைசியில் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். எத்தனை நாளாக இருமுகிறது என்று டாக்டர் கேட்டதற்கு, உடன் சென்ற சித்தப்பா ஒரு வாரமிருக்கும் என்றார். அப்பத்தா வாயே திறக்கவில்லை. தீபாவளியிலிருந்து இருமுகிறார் என்றும், சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்றும், ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றும் சொன்னவள் மூலையில் நின்ற எங்கள் தோழிதான். டாக்டர் உடனே சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆறு மாத மருந்தில் அப்பத்தா தேறிவிட்டார். கல்யாணமும் நின்றுபோகவில்லை.

இராமானுஜனுக்கு அந்த மருந்து இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இலேயே கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்ததே தவிர விரட்டத் தெரியவில்லை. நாம் நவநாள் செய்யும் சிறுமலர் தெரேசாள் 24 வயதில், 1897இல், லிசியே மடத்தில் உயிர்விட்டதும் இதே நோயால்தான். தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு என்ற இம்மூன்றே அன்றைய வைத்தியம். காற்று வேண்டும் என்பதற்காகக் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, குளிர் காலத்திலும் நோயாளிகளைத் திறந்தவெளிக் கூடங்களில் படுக்க வைப்பார்கள்.

சௌரி முத்துவின் மெண்டிப் மலைச் சானடோரியத்தில் இராமானுஜன் நெடுநாள் தங்கவில்லை. அடுத்து மேட்லாக் என்ற ஊரில் இருந்த சானடோரியத்தில் ஓராண்டுக்கு அருகாகக் கிடந்தார். அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் வந்து ஒரு மாதமாகியும் அறையில் ஒரு நாள்கூடக் கணப்பு மூட்டவில்லை என்றும், குளிரில் நடுங்கிச் சில வேளை சாப்பிடவும் முடியவில்லை என்றும் தெரிவித்தார். தீவிரமாகக் கணக்குப் போடும் நாளில் கணப்புத் தரலாம் என்று சொன்னார்களாம். குளியலறை கதகதப்பாயிருக்கிறது, இனித் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கேயே போய் எழுதப் போகிறேன் என்றும் எழுதினார். அத்தனை துன்பத்திலும் ஒரு வேடிக்கை! ஆனால் தம் குளிரைப் பற்றிக் கணிதப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதியவரின் குறை, அதே கட்டடத்தில் இருந்த வைத்தியரிடம் தீரவில்லையே என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

உணவு இன்னொரு பெரும் போராட்டம். 1918 ஜூனில் ராமலிங்கம் என்ற தமிழ் நண்பர் மேட்லாக் வந்து சில நாள் தங்கினார். அங்கே கொடுத்த உணவு இவர் நாக்குக்குப் பிடிக்கவில்லை, இவர் கேட்கும் ரசமும் தயிர்ச்சோறும் ஊறுகாயும் அங்கே சமைக்கத் தெரியவில்லை, பட்டினியாலேயே உடம்பு போகிறது என்பதைக் கண்டு வருந்தி, ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். இராமானுஜன் விதியை நம்புகிறவர், தம் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் செய்வது பெரும்பாடு என்று ஹார்டி தம் பங்குக்கு எழுதினார். இருவர் சொன்னதும் மெய்தான். இவர் சொல்கிறபடி கேட்பதில்லை என்பது மருத்துவமனையின் குறை. தாம் சொல்வதை அவர்கள் கேட்பதில்லை என்பது இவருடைய குறை.

ஊரிலிருந்து வர வேண்டிய ஆறுதலும் வரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் தபாலில் சேரவிடாமல் தடுத்துவிட்டார். மனைவி தம்மை மறந்துவிட்டாளோ என்று அவரும், கணவர் மறந்துவிட்டாரோ என்று அவளும் ஆளுக்கொரு கண்டத்தில் வாடினார்கள்.

இந்த நாட்களில்தான் புகழ் வந்து குவிந்தது என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. 1918 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. தம் பெற்றோருக்குரியது போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பிறகு லண்டனை அடுத்த பட்னியில் ஒரு மருத்துவ விடுதிக்கு மாறினார். நாம் முதலில் சொன்ன டாக்சி வந்து நின்றது இந்த விடுதியின் வாசலில்தான். உள்ளே வந்த ஹார்டிக்கு நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வந்த வண்டியின் எண் 1729, சுவையற்ற எண் என்று பேச்சைத் தொடங்கினார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று கட்டிலில் கிடந்தவர் உடனே பதில் சொன்னார். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனம், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனம். தோழியர் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

1919 மார்ச் இறுதியில் கப்பலில் பம்பாய் வந்திறங்கினார். அழைத்துப் போகத் தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். ஜானகி எங்கே என்றுதான் முதலில் கேட்டாராம். அவர் பின்னர் சென்னையில் வந்து சேர்ந்தார். அன்று முதல் அவரே பணிவிடை செய்தார். கோடையில் காவிரிக்கரைக் கொடுமுடி, பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மீண்டும் சென்னை என்று இடம் மாற்றினார்கள். சென்னையின் காசநோய் நிபுணர் டாக்டர் சந்திரசேகர் கவனித்தார். அவரும் காசநோய் என்றே கருதினார். எலும்பும் தோலுமாகிவிட்ட நிலையிலும் சிலேட்டும் தாளும் அவர் கையைவிட்டு அகலவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் அவர் ஆவி பிரிந்தது.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவர் காசநோயால் இறந்தார் என்றே எழுதி வந்தது. 1994இல் யங் என்ற இங்கிலாந்து மருத்துவர், எஞ்சியிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் வரிசைப்படுத்திப் படித்து, வேறொரு கருத்தை வெளியிட்டார். 1906இல் வந்த சீதபேதியே மூலம் என்பது அவர் வாதம். அசுத்த நீரின் வழியாகக் குடலில் நுழையும் அமீபா, நோய் அடங்கியது போலத் தோன்றியபின்னும் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கி, ஒரு நாள் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் வேண்டாம், வீட்டில் கோழி அறுப்பதைப் பார்த்தவர்களுக்கே ஈரல்கள் அமைந்திருக்கும் விதம் தெரியும். நம் உடம்பில் நுரையீரலுக்கு நேர் கீழே உதரவிதானம் என்ற ஒரு மெல்லிய தடுப்பு. அதை அடுத்துக் கல்லீரல். கீழே சீழ் கோத்தால் மேலே நெஞ்சு வலிக்கும், இருமல் வரும், காய்ச்சல் ஏறி இறங்கும், உடம்பு இளைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காசநோய் போலவே இருக்கும்.

நெஞ்சை அடைக்கும் செய்தி இனிமேல்தான். காசநோய்க்கு 1917இல் மருந்து இல்லை என்றோம். ஆனால் அமீபா நோய்க்கு மருந்து இருந்தது! எமிட்டீன் என்ற அந்த மருந்தை ஊசியாகப் போடும் முறையைக் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் 1912லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். யங் கூறுவது கடிதங்களைக் கொண்டு செய்த வாதமே. பிரேதப் பரிசோதனை நடக்காததால், அவர் கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் அவர் சொல்வது சரியென்றால், வெப்ப நாட்டிலிருந்து வந்த அந்த நோயாளியிடம், முன்பு எப்போதாவது சீதபேதி கண்டதா என்று கேட்டு, கண்டது என்ற பதிலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், இராமானுஜன் பிழைத்திருக்கக்கூடும்.

சௌரி முத்து பிற்காலத்தில் தாயகம் வந்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்று சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தைத் தாண்டிப் போகிறார்கள். அவர் நட்ட விதைதான் அது. இராமானுஜன் உயிர்விட்ட சேத்துப்பட்டிலேயே 1956இல் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் அமைந்தது. சுமார் இருநூறு ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும், மறு பிரிவைத் தத்தம் குடிசைகளிலேயே குடும்பத்தோடு இருக்க வைத்தும், இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகத் தொற்று ஏற்படவில்லை. 1959இல் இந்த முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நோயாளியை அவன் மக்களிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குச் சொன்னது நம் சென்னை!

இப்போது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் இவற்றில் எது கண்டாலும் அரசு மருத்துவமனையில் சளியை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். மருந்தும் இலவசம். காசநோய் இல்லையென்றால் ஆஸ்துமாவா, புகையாலும் தூசியாலும் நுரையீரல் கெட்டிருக்கிறதா என்று ஊதிப் பார்க்கச் சொல்லும் கருவியும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. கருவி எதைச் சொன்னாலும், எத்தனை நாளாக, எந்த வேளையில், இதற்கு முன் என்ன நோய் வந்தது என்ற மூன்றையும் நோயாளியின் வாயிலிருந்துதான் டாக்டர் அறிய வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போகும்போது பழைய சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகும் வேலையை நம் வகுப்பில் சிலர் ஏற்றிருக்கிறோம். கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் தேதியோடு எழுதியும் கொடுக்கிறோம்.

ஜானகி அம்மையார் கணவருக்குப் பின் எழுபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கடைசி ஓராண்டில் நேரந்தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்ததையும், வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் நெஞ்சுக்கும் காலுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததையும் முதுமையில் நினைவுகூர்ந்தார். யங்கின் கட்டுரை வெளியான அதே 1994ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் தம் 95ஆம் வயதில் காலமானார். கணவர் விட்டுச் சென்ற தாள்களெல்லாம் அவர் இறந்ததுமே வீட்டைவிட்டுப் போயின. ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் அம்மையாரிடம் தங்கியிருந்தன.